வலது காலுக்கு ஒரு மென்பொருள்

ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் அவரைப் பெடலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவருடைய பதினாறு வருட வேலை. இரண்டு கையும் தட்டச்சுப் பலகையில், வலது கால் மேசைக்கு அடியில் ஒரு பெடலில். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். திரும்ப மிதித்தால் இரண்டு வினாடி பின்னால் போய்த் தொடங்கும். விட்டுப்போன வார்த்தையைப் பிடிக்க அது போதும்.

போன மாதம் நிர்வாகம் எல்லாக் கணினிகளையும் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றியது. பெடலக்காவின் மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. மவுஸால் நிறுத்தி நிறுத்தித் தட்டியதில் நாளுக்கு நாற்பது அறிக்கை பதினெட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வேகம் வராவிட்டால் வரவேற்பு மேசைக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் யாராவது பெயர் கேட்டாலே பேசக் கூச்சப்பட்டு எழுதிக் காட்டியவர் பெடலக்கா. நாளெல்லாம் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அந்த மேசையைப் பார்க்கவே பிடிக்காமல், அன்றிலிருந்து பின்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனார்.

வீட்டில் சாப்பிடும்போதும் கால் தரையை மிதித்தது.

"இது என் வேன் இல்ல, பிரேக்கைத் தேடாதே" என்றார் வேன் ஓட்டும் கணவர். பெடலக்கா சிரிக்கவில்லை.

புதன்கிழமை கணினிப் பிரிவுக்காரரிடம் போய் நின்றார்.

"என்னாச்சுண்ணே?"

"பத்து நாளா தேடுறேம்மா. நீங்க சொன்ன சாஃப்ட்வேர் பேர்ல லினக்ஸுக்கு ஒண்ணுமே இல்ல. கம்பெனியும் கையை விரிச்சுட்டாங்க."

"பேரை வச்சு நான் என்ன பண்ண? மிதிச்சா ஓடணும், எடுத்தா நிக்கணும், திரும்ப மிதிச்சா ரெண்டு செகண்ட் பின்னால போகணும். அதைப் போட்டுத் தேடுங்க."

"இதை மொத நாளே சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்க என் காலைக் கேட்டீங்க? சாஃப்ட்வேர் பேரைத்தானே கேட்டீங்க."

அப்படியே தேடியதும் லினக்ஸின் மென்பொருள் பட்டியலில் நான்காவதாக வந்து நின்றது, யாரோ இலவசமாக எழுதிப் போட்டிருந்த ஒரு சின்னச் செயலி. பார்க்கச் சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. பெடலைச் செருகி, பின்னால் போகும் நேரத்தை இரண்டு வினாடியாக வைத்தார்கள். பெடலக்கா மிதித்தார். எலும்பு மருத்துவரின் கரகரத்த குரல் ஒரு கொட்டாவியோடு ஓடியது. காலை எடுத்தார், நின்றது. மிதித்தார், அதே கொட்டாவி.

"சரியா இருக்காம்மா?"

அதற்குள் பெடலக்கா மூன்றாவது வரியில் இருந்தார்.

வியாழக்கிழமை முப்பத்தெட்டு அறிக்கை. எண்ணிக்கையைப் பார்த்த மேலாளர், "சரி, இங்கயே இருங்க" என்றார். பத்து நாளாகப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனவர், அன்று வரவேற்பறைக் கூட்டத்தின் நடுவே நிதானமாக நடந்து வெளியே போனார்.