கரண்டு வைக்க மாட்டேன்

தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டு போர்மேன் என் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. 2013. நாங்கள் இருவரும் அனல்மின் நிலையத்திலிருந்து ஓய்வுபெற்று நான்காவது வருடம். அவர் சுவிட்ச்யார்டில் போர்மேன். நான் கட்டுப்பாட்டு அறையில் மணிக்கு ஒரு தரம் மீட்டர் பார்த்து எழுதியவன். அதனால் அவருக்கு நான் 'ரீடிங்கு'.

தொண்டையில் புற்றுநோய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், எல்லாரும் சொல்கிற மாதிரியே, "கரண்டு வைக்கணும்" என்றிருக்கிறார்கள். வேறொருவர் தலையாட்டியிருப்பார். இவர் மின்சாரத்தில் கருகிய இரண்டு பேரைத் தன் கையால் தூக்கியவர்.

"முப்பது வருசமா தொடாத தொடாதன்னு கத்திகினு இருந்தவன் நானு. எனக்கே கரண்டு வைப்பானுங்களாமே! லைன் கிளியர் யாரு குடுப்பா ரீடிங்கு, நீயா?" மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று வேலைக்கு முன் எழுதித் தரும் சீட்டுதான் லைன் கிளியர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அது மின்சாரமே இல்லை, கதிர்வீச்சு என்று திருத்தினேன். பாய்லர் குழாயின் வெல்டிங்கைப் படம்பிடிக்க ஒரு பெட்டி வருமே, அந்த இனம் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பெட்டி வந்தால் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு எங்களையெல்லாம் விரட்டுவார்கள்.

"புத்துநோவு வரவெக்கிற சாமானாச்சே அது! அத வெச்சா புத்துநோவ ஆத்துவாங்க?" என்றார். போக மறுத்துவிட்டார்.

பத்தொன்பது நாள். தினமும் போய் விளக்கினேன். செல்போன் டவர் வேண்டாமென்று எங்கள் பிளாக்கில் மனு எழுதியபோது வாயில் பீடியோடு முதல் கையெழுத்துப் போட்டவர் அவர். அதனால் அந்த டவரை வைத்தே தொடங்கினேன். டவர் அலைக்கு உடம்பின் செல்லை முறிக்கும் வலு இல்லை, பெட்டியின் கதிருக்கு உண்டு. அந்த முறிவு தப்பாக ஒட்டிக்கொண்டால் பின்னாளில் புற்றுநோய் வரலாம், குறிவைத்து நிறையக் கொடுத்தால் புற்றுநோய் செல்லே சாகும் என்றேன். அவர் காதில் 'முறிவு' மட்டும் விழுந்தது.

"அண்ணே, நீங்க பேசப் பேச இவருக்குப் பயம் ஏறிகினே போவுதுங்க. கொஞ்சம் வாய மூடிகினு கூட மட்டும் வாங்க" என்றார் அவர் மனைவி. இருபதாம் நாள் அந்த அம்மாவே வண்டி பிடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சிகிச்சை அறைக் கதவுவரை போன போர்மேன் நின்றுவிட்டார். "கதவ சாத்திட்டு நீங்கல்லாம் வெளிய ஓடுறீங்களாமே, எனக்கு மட்டும் இன்னா?"

மிஷினை இயக்கும் பெண் கோபிக்கவில்லை. "ஐயா, உங்களுக்கு முப்பத்து மூணு தடவ, நோவு இருக்கற எடத்துல மட்டும். நான் தினம் அம்பது பேருக்கு வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உள்ளயே நின்னா எனக்கு எவ்ளோ ஆவும்? நீங்களே கணக்குப் போடுங்க."

போர்மேன் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்தார். "ஆயுசு பூரா எண்ணிகினே இருந்தியே ரீடிங்கு, இந்தக் கணக்க நீ சொல்லக் கூடாதா?"

முப்பத்து மூன்றும் முடிந்தன. கழுத்துத் தோல் கறுத்தது, சோற்றில் ருசி போயிற்று, குரல் சிறுத்தது. இரண்டு வருடம் நன்றாக இருந்தார். பிறகு நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோயிற்று.

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அந்தப் பத்தொன்பது நாள் தாமதத்தால்தான் நோய் திரும்பியது என்று சொல்ல முடியாது என்றார். இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார். இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னோடு வீடுவரை வந்தது.