அக்கா எடுத்து வைத்த செருப்பு

அக்கா போய் ஒரு வருஷம். உடையார்பாளையம் பக்கத்தில் முந்திரிக்காட்டு ஓரத்தில் பிறந்து, அம்மா இல்லாத வீட்டில் என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். மணமாகிக் கல்லங்குறிச்சி போனார். மறு வருஷமே அத்தான் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு ரங்கூன் அரிசி மில் வேலைக்குக் கப்பலேறினார்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் அண்ணன் தம்பி இருவரும் காட்டு வழியே ஊருக்கு நடந்து புறப்பட்டார்கள். வந்து சேர்ந்தவர் அத்தான் மட்டும். காய்ச்சலில் விழுந்த தம்பியை வழியில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தோடு நடந்ததை ஒரே ஒருமுறை அக்காவிடம் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் நடை நிற்கவில்லை. திடீரென்று எழுந்து செந்துறை ரோட்டில் இறங்கிவிடுவார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

அக்கா விடவில்லை. பெருமாளுக்கு வேண்டுதல், மந்திரித்த கயிறு, திருச்சி டாக்டர். நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? மனோதத்துவப் புத்தகம் ஒன்றோடு ஓடிவந்து, "அக்கா, இது குணமாயிடும், இதுல போட்டிருக்கான்!" என்று குதித்தேன். கடைசியில் அக்கா அவர் செருப்பை நெற்குதிருக்குள் ஒளித்தார். பக்கத்து வீட்டுச் சின்னம்மா, "ஏண்டி, செருப்பைச் சிறை வச்சா ஆளு நின்னுடுவாரா?" என்று சிரித்தார்.

நிற்கவில்லை. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு போய், பாதம் வெந்து வந்தார். அக்கா அந்தக் கால்களை மடியில் வைத்து விளக்கெண்ணெய் தடவினார்.

"ஏங்க, சொல்லிட்டாவது போகலாமில்ல?"

"சொன்னா நிறுத்துவே."

"நிறுத்த மாட்டேங்க."

மறுநாள் செருப்பு வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் தூக்குச்சட்டியில் புளிச்சோறு.

"என்னக்கா, நீயே அனுப்பி வைக்கிறியா?" என்று பதறினேன்.

"அவரு துக்கத்தை நான் வாங்கி நடக்க முடியாதுடா தம்பி. சோறு கட்டலாம்."

சென்ற ஆண்டு வாந்திபேதி ஊருக்குள் வந்து அக்கா படுத்தபோது, அத்தான் ரோட்டில் இருந்தார். நான் சைக்கிளை எடுத்தேன். "இழுத்துட்டு வராதேடா. வருவாரு" என்றார் அக்கா. வந்தார். அதற்குள் அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம்.

பிள்ளை இல்லாததால் அத்தானே கொள்ளி வைத்தார். "திரும்பிப் பாக்காம நடங்க மாப்பிள்ளை" என்றார் எங்கள் சித்தப்பா. முறை அதுதான். அத்தான் கொஞ்சம் நடந்தார். நின்றார். முழுக்கத் திரும்பி, சிதையைப் பார்த்தார்.

"ஐயையோ, ஆகாது! புடிச்சுத் திருப்புங்கப்பா!" என்று சித்தப்பா ஓடினார். என் கையும் அத்தான் தோளுக்குப் போனது. பாதியில் நின்றுவிட்டது.

"விடுங்க சித்தப்பா. பாக்கட்டும்."

தீ தணியும்வரை அவர் பார்த்தார். நாங்களும் நின்றோம்.

நோய்க்கு அஞ்சாமல் உள்ளே வந்து அக்காவின் துணி அலசிய சின்னம்மாவையும், விறகு வண்டி கொண்டுவந்தவர்களையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது. செந்துறை ரோட்டுச் சொந்தங்களே, அத்தான் இன்னும் நடக்கிறார். செருப்பும் சோறும் இப்போது நாங்கள் எடுத்து வைக்கிறோம். வழியில் கண்டால், எங்கே என்று கேட்காமல் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அக்காவுக்கு நீங்கள் கொடுக்கும் திதி அதுதான்.