தோட்டமே ஆபீசில் குடியிருந்த கதை

1. காலியான சிவப்பு

மண்சரிவு அபாயத்தைக் காட்டும் டிஜிட்டல் மேப் தயாரிப்பதுதான் பதுளையில் எங்கள் அலுவலகத்தின் வேலை. திரையில் விரலை வைத்து இழுத்தால் மலை நகரும். ஒரு லேயரைத் தட்டினால் அபாயமான சரிவு சிவப்பாகும். இன்னொன்றைத் தட்டினால் வீடுகள் புள்ளிகளாக விழும். சிவப்பில் புள்ளி விழுந்த குடும்பத்துக்குப் பாதுகாப்பான இடத்தில் புது வீடு.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைத் திறந்து பார்த்த பணிப்பாளருக்கு வாயெல்லாம் பல்.

"பாருங்க, சிவப்புல ஒரு வீடுகூட இல்ல. போய் அந்த ஆட்கள்கிட்ட காட்டிட்டு வாங்க, வேலை முடிஞ்சுது."

2. செல்வமணி கேட்டது

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம். கொழுந்து பறிக்கும் செல்வமணி முன்னால் வந்தார். அவர் குடியிருக்கும் லயத்து வரிசைவீட்டின் பின்சுவரில் வெடிப்பு. மழை பெய்தால் பிள்ளைகளோடு விழித்திருப்பவர்.

"எங்க லயம் எங்கங்க இருக்கு?"

அவர் பெயரைத் தட்டினேன். புள்ளி தோட்டத்து ஆபீஸ்மேல் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேதான். பெரிதாக்கிப் பார்த்தால் மொத்தத் தோட்டமும் ஆபீஸ் கூரைமேல் அடுக்கிக் கிடந்தது. லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். எங்கள் கம்ப்யூட்டர் விலாசத்தை நம்பி எல்லோரையும் அங்கே குடியேற்றிவிட்டது.

"அப்ப கவர்மெண்டு கணக்குல ஆபீசுதான் எங்க வீடுங்களா?"

"இப்போதைக்கு அப்படித்தான் அக்கா. திருத்துறதுக்கு மேலிடத்து அனுமதி வரணும்."

"அது வர்ற வரைக்கும் மழை நிக்குங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

3. பெரியதொரையின் போன்

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. பணிப்பாளரிடம் நான் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்து மேனேஜரான பெரியதொரை போன் செய்தார்.

"லயத்து ஆளுங்க பாயும் அடுப்புமா ஆபீசுக்கு வந்துட்டாங்க. கேட்டா, மேப்புல இதுதான் எங்க வீடுன்றாங்க. ஒரு அம்மா என் கதிரையில உக்காந்து வெங்காயம் உரிக்கிறாங்க. எனக்குக் கண்ணு எரியுது. தயவுசெஞ்சு மேப்ப திருத்துங்க."

மாதக்கணக்கில் இழுபடும் அனுமதி, தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிட்டது.

மழை விட்டதும் ஜிபிஎஸ்ஸோடு லயம் லயமாக நடந்தோம். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விலாசத்தைக் கேட்காதீர்கள், ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்று கேளுங்கள்.

செல்வமணியின் புள்ளி நகர்ந்து, நடுச்சிவப்பில் போய் நின்றது. அவர் திரையைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"அப்பாடா," என்றார். "இப்பதாங்க எங்க வீடு ஆபத்துல இருக்கு."