ஜனவரியில் கடித்த பாம்பு

சில்வர் சிட்டியில் ஓரின் ஹாஸ்கெலைத் தெரியாதவர் கிடையாது. தெரியாதவரையும் அவர் விட்டுவைப்பதில்லை. தபால் ஆபீஸ் வரிசையில் முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி, "முப்பது வருஷமா கிலுகிலுப்பைப் பாம்பு வளர்க்கறேன், ஒரு கீறல் இல்ல" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டுவார். யாரையாவது பாம்பு கடித்தது என்று காதில் விழுந்தால் அன்றைக்கு அவருக்குப் பண்டிகை. பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் எழுந்து நிற்பார்.

"பாம்பு கடிக்கறதில்லைங்க. முட்டாள்தான் போய்க் கடி வாங்கறான்."

போன கோடையில் கடி வாங்கியவர் சங்கத் தலைவர் டெல்மர் விங்கோ. அவர் மடியில் கிடக்கிற தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வளர்ப்பதுதான் என்ன, பெரிய மலைப்பாம்பா? பாறை இடுக்கில் கிடக்கிற, முழ நீளத்துச் சின்ன ஜாதி; ஆனால் வாலில் கிலுகிலுப்பையும் பல்லில் விஷமும் உண்டு. செருப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பாக்களில் பின்னறையில் அடுக்கி, அடியில் கரண்டில் ஓடும் சூட்டுப் பட்டை போட்டிருந்தார். மனைவி கிரேசீலா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமைப்பாள். பாம்புகளுக்கு வருடம் முழுக்கக் கோடை. ஃப்ரீசரில் அவள் சுட்டுவைத்த பச்சை மிளகாய்ப் பைகளுக்கு நடுவே அவருடைய செத்த பல்லிகள் கிடக்கும்.

ஆகஸ்டில் பிறந்த குட்டி ஒன்று பல்லியைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றது. ஜனவரியில் ஒரே ஒரு பல்லிதான் மிச்சம். எலிக்குஞ்சின் மேல் பல்லியைத் தேய்த்து, அந்த வாசனையில் ஏமாற்றித் தின்ன வைப்பது இந்தக் கூட்டத்தாரின் வழக்கம். ஓரின் தேய்த்தார், வெறுங்கையால், கிரேசீலாவுக்கு விளக்கிக்கொண்டே. எலிக்குஞ்சை இடுக்கியில் கொடுத்தார். குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. சரி, தண்ணீரையாவது மாற்றுவோம் என்று அதே கையை உள்ளே விட்டார். கட்டைவிரல் அவருக்குத்தான் கட்டைவிரல். குட்டிக்கு அது நல்ல கொழுத்த பல்லி.

"அது சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு, கிழவா" என்றாள் கிரேசீலா. "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"வேண்டாம். ஊருக்குத் தெரிஞ்சா என் பேரு போச்சு. கள்ளி முள்ளு குத்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

"முள்ளுக்கா கை பன்னு மாதிரி வீங்குது? நீ செத்தேன்னா பேரைக் கல்லுலதான் வெட்டணும். நடயா."

காரில் போகும்போதே புதுக் கதை தயாரானது. வீட்டில் கடி வாங்கினால்தானே முட்டாள்? மலையில் நடக்கும்போது காட்டுப் பாம்பு கடித்தால் அது விதி. டாக்டரம்மா விஷமுறிவு ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"மலையில பனி கெடக்கே. பாம்பெல்லாம் பாறைக்கடியில தூங்கற மாசமாச்சே சார்."

"இது வெளிய வந்துச்சு."

"ஜாக்கெட் போட்டிருந்துச்சா?"

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவது போல் சிரித்தார்கள். விரல் பிழைத்தது. கதை அவருக்கு முன்னாலேயே டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குள் போய்விட்டது.

சனிக்கிழமை வாசலில் டெல்மரும் சங்கத்தார் நாலு பேரும் பூட்ஸோடு நின்றார்கள். முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை.

"ஜனவரியில உலாத்தற பாம்பு. பெரிய சமாச்சாரம் ஓரின். எடத்தைக் காட்டு, சங்கப் பத்திரிகையில போடணும்."

"எனக்கு இன்னும் தலை சுத்துது."

"நாங்க புடிச்சுக்கறோம்."

கிரேசீலா கதவில் சாய்ந்து நின்றாள். "இப்பவே உண்மையைச் சொல்லிடு. சிரிச்சிட்டு காபி குடிச்சிட்டுப் போயிடுவாங்க."

ஓரின் ஒற்றைக் கையால் பூட்ஸை மாட்டினார். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வண்டியில் ஏறினார்.

மலைப் பள்ளத்தாக்கில் பனி கணுக்காலுக்கு மேல். கொஞ்ச தூரம் நடந்து, ஏதோ ஒரு பாறையைக் கை நீட்டிக் காட்டினார். "இதுதான்."

டெல்மர் பாறையைச் சுற்றி வந்தார். அடியில் கைவிளக்கு அடித்துப் பார்த்தார். "இதுவா, பக்கத்துலயா? தப்பா எழுதிடக்கூடாது பாரு."

"இதேதான்யா."

"அப்ப நீ எப்படிக் குனிஞ்சேன்னு ஒருவாட்டி குனிஞ்சு காட்டு. படம் வேணும்."

ஓரின் சுற்றிலும் பார்த்தார். ஐந்து பேரும் மிகுந்த மரியாதையோடு காத்திருந்தார்கள். அவர் பனியில் மண்டி போட்டார்.

"கை கேமராவுல விழல. இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் டெல்மர்.

ஓரின் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.