மை பார்க்கப் போன ரைட்டர்

காணாமல் போனவர்களைத் தேட மை போட்டுப் பார்ப்பது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் அன்று காலை இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"ரைட்டரே, ஜவளகிரியில ஒரு அம்மா மை பாக்குதாம். அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு, யூனிபார்ம் இல்லாம போயிட்டு வாங்க."

அவர் பையன் என்றது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரரை. திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு அவர் அழைத்து வந்த தாயைக் காணாமல் இரண்டு நாள். அந்த அம்மாவுக்கு மறதி உண்டு. கையில் போனும் இல்லை.

ஸ்டேஷன் எழுத்தராகிய எனக்கு எதையும் நேரம் போட்டு எழுதியே பழக்கம். அங்கும் எழுதினேன்.

10.40: மை பார்க்கும் அம்மா வெற்றிலையில் மை தடவினார். 10.42: "தண்ணி காணுது. ஏரி. மேற்கால." 10.43: "உங்கம்மாக்கு எதுமேல ஆசை?" 10.44: மகன், "மாடுன்னா உயிரு. பால் ஊத்த வர்ற உத்தனப்பள்ளிக்காரர்கிட்ட தினமும் மாட்டைப் பத்தித்தான் பேச்சு." 10.45: "மாடெல்லாம் காணல. ஏரிதான்."

ஏரி என்றதும் மகனின் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்து, இன்ஸ்பெக்டரிடம் சொல்வதற்காக என் குறிப்பைப் படித்துப் பார்த்தேன். 10.44-இல் கண் நின்றது.

"பால்காரர் நம்பர் இருக்கா?"

இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "முந்தாநாளா? எங்க ஊருக்கு எந்த பஸ்ஸுன்னு உங்கம்மா கேட்டாங்க, சொன்னேன். ரெண்டு நாளா உங்க வீடு பூட்டிக் கிடக்குதே, எல்லாரும் ஊருக்குப் போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

தேடி அலைந்த மகன் வீட்டில் எங்கே இருந்தார்! பைக்கை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. உத்தனப்பள்ளியில் மாட்டுக் கொட்டகை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான்காவதில், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு சாணி அள்ளிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

"ஏலே, டூட்டிக்குப் போவலியா நீ?"

சாணிக் கையோடு நின்ற தாயை மகன் கட்டிக்கொண்டார்.

அது தெலுங்கு பேசும் வீடு. "இவங்க பேசுற வேகத்துக்கு ஒண்ணும் புரியல சார். சாப்பாடு போட்டோம். நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டியாரலாம்னு இருந்தோம்" என்றார் வீட்டுக்காரம்மா.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் குதிக்காத குறை. "பாத்தீங்களா, மை பலிச்சிருச்சு! டைரியில வழக்கம்போல 'ரகசியத் தகவலின் பேரில்'னு எழுதிருங்க."

குறிப்பை அவர் முன் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"மாடு வெசயம் மகன் சொன்னதா? நம்மகிட்ட இதைச் சொல்லவே இல்லையே அந்த ஆளு."

"நாம கேக்கல ஐயா. உயரம், நிறம், சேலை, அங்க அடையாளம். அதோட நிறுத்திட்டோம்."

கேட்காமல் விட்டவன் நான்தான். அந்தப் புகார் என் கையெழுத்தில் இருக்கிறது.

'மகன் அளித்த தகவலின் பேரில்' என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டார்.