அப்பா பார்க்காத எபிசோடுகள்

எங்கள் வீட்டில் சீரியல் பைத்தியம் அம்மா அல்ல, அப்பாதான். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கிளம்பினால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பவர், வீட்டுக்கு வந்து காலைக் கழுவுவதற்குள் கதையில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். படகில் கூட வருகிறவர்களுக்கு இது தெரிந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் ரொம்பக் கவனம்.

அவர் தவறவிடும் எபிசோடுகளுக்கு வழி கண்டுபிடித்தவர் சித்தப்பா. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்த அவர், பழைய பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கி, எங்கள் ஒற்றை அறை வீட்டில் பீரோவுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே வைத்திருந்தார். அதில் டிவி கார்டு ஒன்றைச் செருகி, கேபிள் ஒயரைப் பிரித்துக் கொடுத்ததும் சீரியல் அதிலும் ஓடியது. பொத்தானை அழுத்தினால் பதிவும் ஆனது. பதிவாகும்போது மவுஸைத் தொட்டால் படம் திக்கித் திக்கி ஓடும் என்று அம்மா அதன்மேல் சல்லடையைக் கவிழ்த்து வைப்பாள். பெட்டி சூடாகக் கூடாதாம், டேபிள் ஃபேனும் அதற்குத்தான். நாங்கள் வியர்த்து ஒழுக உட்கார்ந்திருப்போம்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவின் படகு வரவேண்டிய நாளில் வரவில்லை. கூடப் போன படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. ஆனால் அதே சமயத்தில்தான் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய இடமும் தீர்ந்துபோனது. வீட்டில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது அதற்காகத்தான் என்று நான் நம்பினேன்.

"இன்னா அண்ணி பண்றது, எடமே இல்ல. பழசுல ரெண்ட அழிச்சாத்தான் இன்னிக்குப் புடிக்க முடியும்" என்றார் சித்தப்பா.

"உங்கண்ணன் இன்னும் பாக்கல இல்ல? அவரு வந்து பாக்காம ஒண்ணியும் அழிக்காத" என்றாள் அம்மா.

சித்தப்பா அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். தெருப் பையன்களைக் கூட்டிவந்து பெருமையாகப் போட்டுக் காட்டுவாரே, அந்த கிரிக்கெட் மேட்சுகளை ஒவ்வொன்றாக அழித்தார். அதுவும் போதாமல் என் கார்ட்டூன்களும் போயின. நான் தரையில் புரண்டு அழுதேன். ஒருவரும் அதட்டவில்லை. அது எனக்கே விநோதமாக இருந்தது.

பகலெல்லாம் அம்மா துறைமுகத்தில்தான் இருப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அங்கே வந்து அவளோடு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். சீரியல் நேரத்துக்கு மட்டும் அம்மா எப்படியாவது வீடு வந்துவிடுவாள். பதிவாகிறதா என்று திரையின் ஓரத்தில் ஓடும் எண்களையும் கதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் முனைக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, அப்பா போனில் பேசினார் என்றார். எஞ்சின் நின்றுபோன படகைக் காற்று இழுத்துக்கொண்டுபோய் ஆந்திரா பக்கம் ஒதுக்கியிருந்தது. மறுநாள் காலையில், உதடெல்லாம் வெடித்து, யாருடையதோ ஒரு தொளதொளச் சட்டையில் அப்பா வந்து இறங்கினார். கூடியிருந்தவர்கள் அழுதார்கள். அம்மா அழவில்லை. குளிக்கச் சொன்னாள், சோறு போட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே அப்பா கேட்டார், "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"நான் சொல்ல மாட்டேன். நீயே பாத்துக்க. எல்லாம் அப்டியே கீது" என்றாள். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை அள்ளி வைத்தாள்.

சித்தப்பா முதல் எபிசோடைப் போட்டார். தலைப்புப் பாட்டு முடிவதற்குள் அப்பா சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவருக்காகத்தானே என் கார்ட்டூன்கள் எல்லாம் போயின! "நைனா, எய்ந்திரு, கதை போவுது!" என்று தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடு. அது பாட்டுக்கு ஓடட்டும்."

ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து அதற்கடுத்தது என்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் கல்யாணமும் வந்து போனது. அம்மா ஒருமுறைகூடத் திரையின் பக்கம் திரும்பவில்லை. ஏறி இறங்கும் அப்பாவின் மார்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏற்கெனவே பார்த்த கதைதானே, அலுத்துப்போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.