மாதாவுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

அந்தமானில் பாராடாங்குக்கு நான் போன டாக்ஸியை ஓட்டியவர் ஒல்லியான மனிதர், தூத்துக்குடிப் பேச்சு. ஸ்பீடோமீட்டர் மேல் அவர் ஒட்டியிருந்த மாதா படத்தின் பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. அடிக்கடி அதைத் தொட்டு விரலை முத்தமிட்டார். நானும் பக்தியோடு கும்பிட்டு வைத்தேன்.

"அது வார்னிங் லைட்டு சார். புகையச் சுத்தம் பண்ற யூரியா தண்ணி தீந்துபோச்சு. மெயின்லேண்டு கேன் கட்டுப்படியாகல. வயலுக்குப் போடுற யூரியாவக் கரைச்சு ஊத்துனேன், வண்டி கண்டுபிடிச்சிட்டு. இனி ஆஃப் பண்ணுனா ஸ்டார்ட் ஆகாது."

ஆகவே காட்டுச் சாலையில் வண்டிகளை ஒரே வரிசையாக அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருந்த டீக்கடையிலும் வண்டி உறுமிக்கொண்டே நின்றது. தண்ணீரை மிச்சம் பிடித்து டீசலைக் கொட்டுவதா என்று சிக்கனம் பற்றிப் பிரசங்கம் செய்தேன். டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஃபெர்ரியில் இஞ்சினை அணைக்கச் சொல்லி ஊழியர் இந்தியில் கத்தினார்: "இஞ்சின் பந்த் கரோ!"

"பையா, ஸ்டார்ட் நஹீ ஹோகா..." டிரைவர் கெஞ்சினார்.

"பந்த் கரோ!"

அணைத்தார். அக்கரையில் சாவியைத் திருகியதும் மாதா மட்டும் பளிச்சென்று எரிந்தாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

"இறங்கித் தள்ளுங்க சார்."

தள்ளினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் படத்தை அவர் தொடவில்லை. எனக்கோ இன்றும் எந்த மாதா கோயிலில் விளக்கெரிந்தாலும், என்ன தீர்ந்துபோயிற்றோ என்றுதான் தோன்றுகிறது.